ராக் இசையில் அசலும் பிம்பமும் புகழும்: நிர்வானாவையும் சியாட்டிலையும் முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1991 செப்டம்பர் 24 அன்று வெளியான ‘நெவர்மைண்ட்’ என்ற இசைத்தொகுப்பு, நான்கு மாதங்கள் முடிவதற்குள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ தொகுப்பைக் கீழே இறக்கி முதலிடம் பிடித்தது. அதை உருவாக்கிய நிர்வானா, வெகுசனப் புகழைச் சந்தேகத்தோடு பார்க்கும் ‘பங்க்’ என்ற எளிய, முரட்டு ராக் இசை மரபில் வளர்ந்த குழு. யார் அசல், யார் போலி, புகழ் வந்தால் இசை கெடுமா என்று ராக் ரசிகர்கள் பல ஆண்டுகளாக நடத்திவந்த வாதங்கள் எல்லாம் அந்த ஒரு குழுவின் தலையில் வந்து குவிந்தன. அவற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயல்கிறேன்.

ராக் இசையில் ஒருவரை ‘அசல்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பாடுபவரே பாடலை எழுதியிருக்க வேண்டும், குழுவினரே கருவிகளை வாசித்திருக்க வேண்டும், பாடுவது அவர்கள் வாழ்ந்தறிந்த வாழ்க்கையாக இருக்க வேண்டும், விற்பனைக்காக எதையும் மாற்றியிருக்கக் கூடாது என்பவைதான் பொதுவான எதிர்பார்ப்புகள். ராக் பிறந்தபோது இவை எதுவும் கட்டாயமாக இருக்கவில்லை. எல்விஸ் பிரெஸ்லி பாடலாசிரியராக அறியப்பட்டவர் அல்லர். அதற்காக 1956இல் அவரை யாரும் போலி என்று ஒதுக்கவில்லை.

இந்த அளவுகோல் நாட்டுப்புற இசை மறுமலர்ச்சியிலிருந்து ராக்குக்குள் வந்தது. 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். அடுத்த ஆண்டு மே மாதம் மான்செஸ்டரில் ஒருவர் அவரைப் பார்த்து ‘யூதாஸ்’ என்று கத்தினார். தங்களுடைய பாடகர் பாப் சந்தைக்குப் போய்விட்டார் என்ற மனக்குறை அந்தக் கோபத்தில் பெரும்பங்கு வகித்தது. டிலன் பாடல்களைத் தாமே எழுதினார், தாமே பாடினார், கூச்சலுக்கு அஞ்சித் தம் வழியை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அப்படியிருந்தும் துரோகி என்று பெயர் வாங்கினார். அளவுகோலிலேயே கோளாறு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அப்படியானால் அசல், போலி என்ற வேறுபாடே பொருளற்றதா?

அப்படி நான் கருதவில்லை. கேட்பவர் ஒரு குரலை நம்புகிறார். அந்த நம்பிக்கையை ஏமாற்றுவதும் உண்டு, காப்பாற்றுவதும் உண்டு. ஆனால் உடை, விற்பனை எண்ணிக்கை, ஒலிப்பதிவு நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை வைத்து அதை அளக்க முடியாது. இசையைப் பற்றிய முடிவுகளை யார் எடுத்தார்கள், அந்த முடிவுகளுக்காக அவர்கள் எதை இழக்கத் தயாராக இருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையே நான் முதலில் கேட்பேன்.

1966இல் தொலைக்காட்சித் தொடருக்காகத் தயாரிப்பாளர்கள் திரட்டிய மங்கீஸ் குழுவை எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு தொகுப்புகளில் பெரும்பாலும் கூலிக்கு வந்த கலைஞர்களே வாசித்தனர். அந்த நால்வரும் தங்கள் இசை மேற்பார்வையாளரோடு மோதி, 1967இல் வெளியான மூன்றாம் தொகுப்பில் தாங்களே வாசிக்கும் உரிமையைப் பெற்றனர். பிறப்பால் போலி என்று எழுதப்பட்ட ஒரு குழு, உரிமைக்காகப் போராடிய அந்த ஆண்டில், பல ‘அசல்’ குழுக்களைவிட நேர்மையாக நடந்துகொண்டது என்பேன்.

கிரஞ்ச் இசையின் தோற்றமும் உடையும் இயல்பாக உருவானவையா, திட்டமிட்டு உருவாக்கப்பட்டவையா?

இரண்டும் உண்மை. நிர்வானா முதலிய சியாட்டில் குழுக்களின் கரடுமுரடான ராக் இசைக்குத்தான் கிரஞ்ச் என்று பெயர். கட்டம்போட்ட ஃபிளானல் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், பழைய கம்பளிச் சட்டை ஆகியவை மழையும் குளிரும் மிகுந்த வடமேற்கு அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தவை. மரம்வெட்டும் தொழிலாளர்கள் அணிந்தவை. பழைய துணிக்கடைகளில் சில டாலர்களுக்கு வாங்கக்கூடியவை. நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் பிறந்த அபர்டீன் மரத்தொழிலை நம்பி வாழ்ந்த ஊர்.

ஆனால் அந்த உடையையும் அந்த ஒலியையும் சேர்த்து ‘சியாட்டில்’ என்ற ஒரே பிம்பமாக உலகுக்கு விற்றவர்கள் அந்நகரின் சிறு ஒலிப்பதிவு நிறுவனமான சப் பாப்பின் புரூஸ் பேவிட்டும் ஜோனத்தன் போன்மனும். இதை அவர்கள் தெரிந்தே செய்தனர். முடி பறக்க, வியர்வை தெறிக்க இசைப்பவர்களைச் சார்ல்ஸ் பீட்டர்சன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் தொகுப்புகளின் உறைகளை அலங்கரித்தன. ஜாக் எண்டினோ குறைந்த செலவில் பதிவு செய்த கரடுமுரடான ஒலி நிறுவனத்தின் முத்திரையாயிற்று. 1989இல் லண்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழிலிருந்து எவரெட் ட்ரூ என்ற எழுத்தாளரைத் தங்கள் செலவில் வரவழைத்துக் கட்டுரை எழுதவைத்தனர். ‘தோற்றவன்’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட டி-சட்டைகளையும் அவர்களே விற்றனர். நிர்வானாவின் முதல் தொகுப்பான ‘பிளீச்’சின் பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட்; 600 டாலரில் பதிவானது என்பது தொகுப்பின் உறையிலேயே விளம்பரமாக நின்றது. ஏழ்மை உண்மைதான்; அந்த உண்மையை எப்படிக் காட்சிக்கு வைப்பது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சப் பாப் நிறுவனத்தார் பாடல்களில் இல்லாத எதையும் இட்டுக்கட்டவில்லை. இருந்ததை ஒழுங்குபடுத்தி, பெரிதாக்கிக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் எந்த இசையும் பிம்பமில்லாமல் இருக்க முடியாது.

அந்தப் பிம்பம் எப்போது இசையைவிட்டு விலகியது?

1992இன் இறுதியில் என்று ஏறக்குறைய துல்லியமாகச் சொல்லலாம். அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், சியாட்டில் இளைஞர்களின் வட்டார வழக்கு என்று ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. முன்பு சப் பாப் அலுவலகத்தில் பணியாற்றிய மேகன் ஜாஸ்பர், நிருபர் தொலைபேசியில் கேட்டபோது அந்தச் சொற்களை அப்போதைக்கு அப்போதே கற்பனை செய்து சொல்லியிருந்தார். அப்படி ஒரு வழக்கே சியாட்டிலில் இருந்ததில்லை. இது அடுத்த ஆண்டில்தான் அம்பலமாயிற்று. அதே நவம்பரில் வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ், பெரி எல்லிஸ் நிறுவனத்துக்காகப் பட்டுத்துணியில் ஃபிளானல் கட்டங்களை அச்சிட்டு நியூயார்க்கில் காட்சி நடத்தினார்.

சில டாலர் சட்டை பட்டாக மாறிய இடத்தில், அதை அணிவதற்கு இருந்த காரணம் போய்விட்டது. ஏழ்மையும் குளிரும் இல்லாத இடத்தில் அந்த உடை வெறும் அடையாளமாக மட்டுமே எஞ்சியது.

சப் பாப்பை விட்டுப் பெரிய நிறுவனத்துக்குப் போனதன் மூலம் நிர்வானா விலைபோய்விட்டதா?

சிறு நிறுவனத்தில் இருந்தால் தூய்மை, பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் விலைபோதல் என்ற கணக்கு நடைமுறையை மறந்த கணக்கு. 1990, 1991 வாக்கில் சப் பாப் கடும் பண நெருக்கடியில் இருந்தது. அதன் கலைஞர்களுக்கும் ஊழியர்களுக்கும் பணம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. தங்கள் தொகுப்பைக் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை என்று ரசிகர்கள் சொல்வதைக் குழுவினர் ஊர் ஊராகக் கேட்டனர். நிர்வானா மதித்த சோனிக் யூத் குழு 1990இலேயே பெரிய நிறுவனமான கெஃபனின் டிஜிசி பிரிவில் சேர்ந்திருந்தது. அவர்களின் பரிந்துரையும் நிர்வானாவை அங்கே கொண்டுசேர்த்தது. சிறு நிறுவனங்களில் வளர்ந்த ஹஸ்கர் டூ குழு 1986இலும், ஆர்.ஈ.எம். குழு 1988இலும் பெரிய நிறுவனமான வார்னரோடு ஒப்பந்தம் செய்திருந்தன. நிர்வானா நடந்தது ஏற்கெனவே போடப்பட்டிருந்த பாதையில்.

பெரிய நிறுவனம் அவர்களைக் கோடிகளுக்காகக் கொத்திக்கொண்டு போனது என்ற கதையும் பொருந்தாது. ‘நெவர்மைண்ட்’ தொகுப்பில் முதலில் அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பப்பட்டவை ஏறக்குறைய 46,000 பிரதிகள் மட்டுமே. ஒப்பந்தப்படி விற்பனையில் ஒரு சிறு பங்கு சப் பாப்புக்கும் போயிற்று; அந்தப் பணம்தான் அந்தச் சிறு நிறுவனத்தைத் திவாலாகாமல் காத்தது.

ஆனால் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பின் ஒலி மெருகூட்டப்பட்டதுதானே?

ஆம். புட்ச் விக் தயாரித்தார். இறுதிக் கலவையை ஆண்டி வாலஸ் செய்தார். ஒரே பாடலை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்ய கோபேன் மறுத்தபோது, ஜான் லெனனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லி விக் இணங்கவைத்தார். கோபேனே பின்னாளில், அந்தத் தொகுப்பு பங்க் தொகுப்பைவிட மினுக்கான ஹெவி மெட்டல் குழுவான மாட்லி க்ரூவின் தொகுப்புக்கு நெருக்கமாக ஒலிக்கிறது என்று வெட்கப்பட்டுக் குறிப்பிட்டார்.

இங்கே கோபேனோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாடல்களின் உள்ளமைப்பே பாப் பாடலின் அமைப்பு. அமைதியான சரணம், வெடிக்கும் பல்லவி, ஒரு முறை கேட்டால் மறக்காத மெட்டு ஆகிய எல்லாம் அவர் பீட்டில்ஸைக் கேட்டு வளர்ந்ததிலிருந்து வந்தவை. பளபளப்பான ஒலி அந்த மெட்டுகளை மறைக்கவில்லை, வெளியே கொண்டுவந்தது. தமக்குள்ளிருந்த பாப் ரசிகனைக் கண்டு பங்க் ரசிகன் நாணியதாகவே அந்த வெட்கத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

நிர்வானாவின் அடுத்த தொகுப்பான ‘இன் யூட்ரோ’ அந்த வெட்கத்துக்கான பரிகாரமா?

ஓரளவுக்கு. 1993 பிப்ரவரியில் மின்னசோட்டாவின் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூரிலுள்ள பேக்கிடெர்ம் பதிவுக்கூடத்தில், ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியின் பொறுப்பில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அது பதிவாயிற்று. பெரிய நிறுவனங்களைக் கடுமையாக விமர்சித்துவந்த ஆல்பினி, விற்பனையில் பங்கு வேண்டாம் என்று மறுத்து, 1,00,000 டாலரை ஒரே கூலியாகப் பெற்றுக்கொண்டார். குழாய் பழுதுபார்ப்பவருக்குக் கொடுப்பதுபோல் தமக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று குழுவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டிருந்தார். அந்தத் தொகுப்பின் விற்பனையில் பங்கு வாங்கியிருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், கொள்கைக்கு அவர் கொடுத்த விலை விளங்கும். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

பதிவு முடிந்ததும் நிறுவனத்தினருக்கு அதிருப்தி ஏற்பட்டது. குழுவினருக்கும் குரலும் பேஸ் ஒலியும் சரியாக எடுபடவில்லை என்ற ஐயம் வந்தது. ஆர்.ஈ.எம். குழுவின் தயாரிப்பாளர் ஸ்காட் லிட் தனிப்பாடல்களாக வெளிவரவிருந்த இரண்டைத் திரும்பக் கலந்தார். பின்வாங்கிவிட்டார்கள் என்று சிலர் எழுதினர். எஞ்சிய பாடல்களில் பெரும்பகுதி ஆல்பினி பதிவு செய்த கரடுமுரடோடேயே வெளிவந்து, அந்தத் தொகுப்பும் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது என்பதை அவர்கள் சேர்த்து எழுதியிருக்கலாம்.

இன்னும் சிக்கலானது 1994இல் நடந்தது. வால்மார்ட், கேமார்ட் ஆகிய பெருங்கடைகள் பின்னட்டைப் படத்தையும் ஒரு பாடலின் தலைப்பையும் காரணம் காட்டித் தொகுப்பை விற்க மறுத்திருந்தன. குழு இரண்டையும் மாற்ற ஒப்புக்கொண்டது. சிறுவயதில் தமக்கு இசைத்தட்டு கிடைத்தது அத்தகைய கடைகளில்தான் என்று கோபேன் காரணம் சொன்னதாக அவருடைய மேலாளர் தரப்பினர் பின்னர் கூறினர். இதை விட்டுக்கொடுத்தல் என்பதா, சிற்றூர்ச் சிறுவன்மீது கொண்ட பரிவு என்பதா? மாநகரத்தில் தனியார் இசைக்கடைகள் நிறைந்த தெருவில் வாழ்பவருக்கு மறுப்பது எளிது. அபர்டீனில் வளர்ந்தவருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. அட்டை மாறியது, ஆனால் உள்ளே இருந்த பாடல் ஒரு சொல்கூட மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெருநிறுவன இதழ்களைத் திட்டும் வாசகத்தைச் சட்டையில் எழுதிக்கொண்டு ரோலிங் ஸ்டோன் இதழின் அட்டையிலேயே தோன்றியது இரட்டை வேடம் இல்லையா?

1992 ஏப்ரலில் வெளியான அந்த அட்டை இன்றும் இந்த வாதத்தில் முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது. பங்க் உலகில் வழங்கிவந்த ஒரு முழக்கத்தைச் சற்றே மாற்றிக் கையால் எழுதியிருந்தார் கோபேன். எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே அட்டையின் பயனையும் பெற்றார் என்பது மறுக்க முடியாதது; இதழும் அந்த எதிர்ப்பை வைத்தே விற்றது. எதிர்ப்பைப் பிம்பமாக மாற்றி விற்கும் திறமை பெருஞ்சந்தைக்கு உண்டு என்பதை அந்த ஒரு படமே காட்டிவிட்டது. அட்டைக்கு ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவருடைய நிலை இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

பேர்ல் ஜாம் குழுவைக் கோபேன் குறைகூறினாரே? அவர்கள் போலிகளா?

இந்தக் கதையின் மிகப் பெரிய அநியாயம் இங்கேதான் நிகழ்ந்தது என்று நினைக்கிறேன்.

சியாட்டிலில் கிரீன் ரிவர் என்ற குழு இருந்தது. பங்க் பிடிவாதத்தில் நின்ற மார்க் ஆர்முக்கும், பெரிய மேடையை விரும்பிய ஜெஃப் அமென்ட், ஸ்டோன் கோசார்ட் ஆகியோருக்கும் ஒத்துப்போகாமல் 1987இல் அது உடைந்தது. ஆர்ம் மட்ஹனி குழுவை உருவாக்கினார். மற்ற இருவரும் சில ஆண்டுகளில் பேர்ல் ஜாமில் வந்து நின்றனர். அவர்களின் முதல் தொகுப்பு 1991 ஆகஸ்டில், ‘நெவர்மைண்ட்’ வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்தது. அப்படியிருந்தும், மாற்று இசை என்ற அலைமேல் ஏறிக்கொண்ட சந்தர்ப்பவாதிகள் என்று அவர்களுக்குப் பெயர் ஒட்டியது. கோபேன் பேட்டிகளில் அவ்வாறே பேசினார். பின்னர் பாடகர் எடி வெடரோடு அவருக்கு இணக்கம் ஏற்பட்டது.

அந்தச் ‘சந்தர்ப்பவாதிகள்’ அடுத்துச் செய்தவற்றைப் பார்க்க வேண்டும். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் அவர்களின் காணொளி உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இனி இசைக் காணொளி எடுப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டனர். 1998 வரை அந்த முடிவைக் காத்தனர். விளம்பரக் காணொளி எதுவுமின்றி 1993 அக்டோபரில் வந்த இரண்டாம் தொகுப்பு, முதல் ஐந்து நாள்களில் ஒன்பதரை லட்சம் பிரதிகள் விற்றது. நுழைவுச்சீட்டு விலையை 20 டாலருக்குக் கீழே வைக்க வேண்டும், கூடுதல் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று கோரி, நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு மோதினர். 1994இல் அமெரிக்க நீதித்துறையிடம் ஏகபோகப் புகார் அளித்தனர்; அமென்டும் கோசார்ட்டும் ஜூன் 30 அன்று நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் சொன்னார்கள். அந்தக் கோடைப் பயணம் ரத்தாயிற்று. 1995 ஜூலையில் நீதித்துறை விசாரணையை முடித்துக்கொண்டது; குழு தோற்றது.

உச்சத்தில் இருக்கும் ஒரு குழு, தன் ரசிகர்கள் சில டாலர் குறைவாகக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தன் வருமானத்தையும் மேடைகளையும் இழந்தது. யார் முடிவெடுத்தார்கள், எதை இழந்தார்கள் என்ற என்னுடைய இரண்டு கேள்விகளுக்கும் இவ்வளவு தெளிவான விடை தந்த பெருங்குழு அந்தத் தலைமுறையில் வேறில்லை. அவர்களின் இசையில் அரங்கத்துக்கே உரிய பிரம்மாண்டம் உண்டு. எழுபதுகளின் ராக்கை அவர்கள் ஒளிவுமறைவின்றி நேசித்தார்கள். அந்த நேசம் பங்க் காதுகளுக்குப் போலியாகப் பட்டதுதான் அவர்கள்மேல் வந்த குற்றச்சாட்டின் அடிப்படை.

பெருநிறுவனங்களை முற்றிலும் தவிர்த்து வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்களா?

வாஷிங்டன் டி.சி. நகரின் ஃபுகாசி. சொந்த நிறுவனமான டிஸ்கார்ட் வழியாகவே வெளியிட்டனர். பெரும்பாலும் 5 டாலர் சீட்டில் நிகழ்ச்சி நடத்தினர். தங்கள் பெயரில் சட்டைகள் விற்கவில்லை. அந்த வழி சாத்தியம் என்பதற்கு அவர்களே சான்று. ஆனால் அவர்களை முழக்கோலாக வைத்து மற்ற எல்லோரையும் அளப்பது சரியாகாது. ஃபுகாசியின் பாடகர் இயன் மெக்காய் தம் நிறுவனத்தைத் தொடங்கியது 1980இல், அதை வளர்க்கப் பொறுமையான பல ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தன.

வேடமிட்டே பாடுபவர்களை எப்படி எடுத்துக்கொள்வது?

டேவிட் போவி ‘சிக்கி ஸ்டார்டஸ்ட்’ என்ற பாத்திரமாக மேடையேறினார். 1973 ஜூலை 3 அன்று லண்டன் மேடையிலேயே அந்தப் பாத்திரத்துக்கு முடிவு கட்டினார். வேடம் என்று அறிவித்துவிட்டுப் போடும் வேடத்தில் ஏமாற்று இல்லை. வாழ்ந்ததை மட்டுமே பாட வேண்டும் என்ற விதியும் அவ்வளவு உறுதியானதன்று. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் குரலாகப் போற்றப்படும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், தாம் தொழிற்சாலையில் வேலை பார்த்ததே இல்லை என்று பிராட்வே மேடையிலேயே ஒப்புக்கொண்டார். தந்தையின் வாழ்க்கையை மகன் கூர்ந்து பார்த்துப் பாடினால் அது பொய்யாகிவிடாது.

பெண் கலைஞர்களுக்கும் இதே அளவுகோல்தானா?

இல்லை; அவர்களுக்கு அது இன்னும் கொடியதாக இருந்தது. கோர்ட்னி லவ்வின் ஹோல் குழு வெளியிட்ட இரண்டாம் தொகுப்பு 1994 ஏப்ரல் 12 அன்று, அவருடைய கணவர் கோபேன் இறந்த ஒரு வாரத்தில் வந்தது. அதிலுள்ள பாடல்களைக் கோபேன்தான் எழுதிக் கொடுத்தார் என்ற வதந்தி ஆதாரமே இல்லாமல் பல ஆண்டுகள் உலவியது. ஆண் பாடகர் ஒருவர் நண்பரிடமிருந்து மெட்டின் சாயலைப் பெற்றால் அது செல்வாக்கு எனப்படுகிறது. பெண் எழுதினால் உண்மையான ஆசிரியரைத் தேடத் தொடங்குகிறார்கள். 1992 வாக்கில் பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா, தங்கள் ரயட் கேர்ல் என்ற பெண்ணியப் பங்க் இயக்கத்தைப் பத்திரிகைகள் உடையைப் பற்றிய செய்தியாகச் சுருக்குவதைக் கண்டு, பெரிய ஊடகங்களோடு பேச வேண்டாம் என்று தோழியரிடம் கேட்டுக்கொண்டார். தங்கள் பிம்பத்தைத் தாங்களே ஆள அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

மின்னிணைப்பற்ற கருவிகளோடு பாடும் எம்டிவி ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சியைத்தான் நிர்வானாவின் மிக உண்மையான பதிவு என்கிறார்கள். ஏன்?

1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் நடந்த அந்நிகழ்ச்சியில் அவர்கள் தங்கள் பெரிய வெற்றிப் பாடல்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தவிர்த்தனர். பிறர் பாடல்கள் ஆறைப் பாடினர். அவற்றில் மூன்று, பரவலாக அறியப்படாத மீட் பப்பெட்ஸ் குழுவினுடையவை, அக்குழுவின் சகோதரர்களையே மேடைக்கு அழைத்துப் பாடியவை. விருந்தினராகப் பெரிய நட்சத்திரங்களை எதிர்பார்த்த தொலைக்காட்சிக்கு இது ஏமாற்றம். எடுத்த முடிவு குழுவினுடையது, அதனால் வரும் இழப்பும் அவர்களுடையது.

அதே சமயம், மின்னிணைப்பற்ற இசை என்ற பெயருக்கு அந்நிகழ்ச்சி நேர்மையாக இருக்கவில்லை. கோபேன் தம் கிதாரை ஒலிபெருக்கி வழியாகவே வாசித்தார். அதை மறைக்க, மேடையில் வைக்கும் சாதாரண ஒலிப்பெட்டி போன்ற ஒரு போலிப் பெட்டியைத் தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி முன்னால் வைத்தார். மெழுகுவத்திகளும் லில்லிப் பூக்களும் கோபேன் விருப்பப்படி அமைத்த மேடைக்காட்சி. உண்மையின் உச்சமாகப் போற்றப்படும் நிகழ்ச்சியும் கவனமாக அரங்கமைக்கப்பட்டதே. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை.

கடைசியாகப் பாடியது லெட் பெல்லி வழியாக அவர் அறிந்த ஒரு பழைய நாட்டுப்புறப் பாடல். லெட் பெல்லியை அசல் குரலின் அடையாளமாகவே ராக் உலகம் கொண்டாடுகிறது. ஆனால் ஹடி லெட்பெட்டர் என்ற அந்தக் கறுப்பினக் கலைஞரின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் அவரைக் கண்டு பதிவு செய்த ஜான் லோமாக்ஸ், விடுதலைக்குப் பிறகு 1935இல் அவரை நியூயார்க்குக்கு அழைத்துவந்தார். லெட்பெட்டர் நேர்த்தியான கோட்டும் சூட்டும் அணிய விரும்பியவர். நகரத்துப் பாப் பாடல்களையும் ஆசையோடு பாடியவர். அவரைச் சிறையுடையில் செய்திப்படத்தில் காட்டினார்கள். கொலைகாரப் பாடகர் என்று டைம் வார இதழ் தலைப்பிட்டது. பணத்தகராறில் அதே ஆண்டில் இருவரும் பிரிந்தனர்.

வெள்ளையினக் கேட்போர் விரும்பிய ‘அசல்’ கறுப்பினத்தவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். அந்த உடையின் அவமானத்தைச் சுமந்தவர் லெட்பெட்டர். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் கிழிந்த கம்பளிச் சட்டையைத் தாமே தேர்ந்தெடுத்து அணிந்தபடி அவருடைய பாடலைப் பாடுகிறார். இரண்டும் எளிமையின் தோற்றங்கள். ஒன்று திணிக்கப்பட்டது; மற்றது தேர்ந்தெடுக்கப்பட்டது. தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியாது.

புகழ்தான் கோபேனைக் கொன்றதா?

அப்படிச் சொல்வது எளிது, ஆனால் சரியன்று. அவர் நெடுங்கால வயிற்றுவலியாலும், மனச்சோர்வாலும், ஹெராயின் பழக்கத்தாலும் துன்புற்றவர். 1994 ஏப்ரலில், 27ஆம் வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதை அவருடைய அசல்தன்மைக்குச் சான்றாகக் காட்டும் எழுத்துகளை நான் வன்மையாக மறுக்கிறேன். மேடையில் உணராத மகிழ்ச்சியை உணர்வதுபோல் நடித்து மக்களை ஏமாற்றுவதே தமக்குத் தெரிந்த பெருங்குற்றம் என்று தம் கடைசிக் குறிப்பில் அவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு இரவும் ஒரே உணர்ச்சியை அதே வலிமையோடு உணர்ந்தாக வேண்டும் என்று எந்தக் கலைஞரிடமும் யாரும் கேட்கக் கூடாது. அந்த எதிர்பார்ப்பை வளர்த்ததில் ரசிகர்களுக்கும் விமர்சகர்களுக்கும் பங்கு உண்டு.

இன்று நிர்வானாவின் சட்டையை அணிபவர்களில் பலர் அவர்களைக் கேட்டதே இல்லை. அவர்கள் போலி ரசிகர்களா?

சட்டை அணிபவர் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. அவரை நிறுத்தி மூன்று பாடல்கள் சொல்லச் சொல்வது அடாவடி. அந்தச் சட்டையிலுள்ள சிரிக்கும் முகச் சின்னம் இப்போது சொத்து. 2018இல் மார்க் ஜேக்கப்ஸ் தம் பழைய கிரஞ்ச் உடைகளைத் திரும்ப வெளியிட்டபோது, அதுபோன்ற ஒரு முகத்தைப் பயன்படுத்தியதற்காக நிர்வானாவின் உரிமையாளர் நிறுவனம் அவருடைய நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. 2024இல் அது சமரசத்தில் முடிந்தது. அன்பிளக்டு நிகழ்ச்சியில் கோபேன் அணிந்த, பொத்தான் குறைந்த, கறைபட்ட கம்பளிச் சட்டை 2019இல் 3,34,000 டாலருக்கும், அன்று வாசித்த மார்ட்டின் கிதார் 2020இல் 60 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. அத்தகைய சட்டையைப் பழைய துணிக்கடையில் வாங்கத்தக்க விலையில் வைத்திருந்த வாழ்க்கைக்கும் இந்த விலைகளுக்கும் தொடர்பில்லை.

அணிபவரில் ஒருவர் என்றாவது அந்தச் சட்டையின் பெயரைத் தேடி ‘இன் யூட்ரோ’வைக் கேட்கக்கூடும். கேட்கத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: முதலில் ‘நெவர்மைண்ட்’, உடனே ‘இன் யூட்ரோ’, பிறகு அன்பிளக்டு. ஒரே குரல் மூன்று விதமான முடிவுகளுக்குள் எப்படி ஒலிக்கிறது என்பது அந்த வரிசையில் தெளிவாகக் கேட்கும்.